ஊசி, குச்சி, பி-டூ: நைரோபிப் பெண்கள் போடும் கணக்கு

கருத்தடை பற்றி நைரோபியில் எந்த ஹோட்டல் அரங்கில் கூட்டம் போட்டாலும் மூன்றாவது, நான்காவது ஸ்லைடில் "வதந்திகளும் தவறான நம்பிக்கைகளும்" என்ற தலைப்பு வந்துவிடும். கீழே வழக்கமான பட்டியல்: ஊசி போட்டால் அப்புறம் பிள்ளையே தங்காது, ரத்தம் வெளியேறாமல் உள்ளே தேங்கிவிடும், மேல்கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி உடம்புக்குள் ஓடிப்போகும். அரங்கில் இருப்பவர்கள் லேசாகச் சிரிப்பார்கள். பிறகு விழிப்புணர்வு என்று ஒரு தீர்வு, அதற்கு ஒரு பட்ஜெட், தேநீர் இடைவேளை. களத்திலிருந்து வரும் ஆய்வுப் படிவங்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றும் பிரிவில் அங்கே சில காலம் வேலை பார்த்தேன். அதனால் இப்படிப்பட்ட கூட்டங்களில் பின்வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. படிவங்களைப் படிக்கப் படிக்க அந்த ஸ்லைடின் மேல் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. அந்த எரிச்சலைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் எண்கள், ஏனென்றால் ஆப்பிரிக்கா என்றதும் நம் ஆட்களுக்குக் கண்ணுக்குள் ஒரு படம் ஓட ஆரம்பித்துவிடுகிறது, 2019 கணக்கெடுப்பில் 44 லட்சம் பேர் வாழ்ந்த நைரோபி அந்தப் படத்தில் எங்கேயும் வராது. கென்யா 1967-இலேயே தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாடு. சகாராவுக்குத் தெற்கே அதுதான் முதல். தொடங்கிப் பத்து வருஷம் ஆகியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1970களின் கடைசியில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எட்டுப் பிள்ளைகள். 2022-இல் எடுத்த மக்கள்தொகை சுகாதார ஆய்வில் அது 3.4 ஆகிவிட்டது, திருமணமான பெண்களில் 57 சதவீதம் பேர் நவீன முறை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஏதாவது ஒரு முறையின் பெயராவது தெரியாத பெண்ணை நைரோபியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படியிருக்க விழிப்புணர்வு இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

என்னை நிறுத்தி யோசிக்க வைத்த எண் வேறு. 2014 ஆய்வின்படி, ஒரு முறையைத் தொடங்கியவர்களில் 31 சதவீதம் பேர் பன்னிரண்டு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். இவர்களெல்லாம் தெரியாதவர்களோ மறுத்தவர்களோ இல்லை. வரிசையில் நின்று, ஊசி குத்திக்கொண்டு, பயன்படுத்திப் பார்த்துவிட்டு விட்டவர்கள். ஏன் என்று கேட்டால் முதலிடத்தில் வரும் பதில் "பக்கவிளைவு, உடல்நலக் கவலை". படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். களப்பணியாளர் அதில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஆனால் நல்ல களப்பணியாளர்கள் சிலர் உண்டு, ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி கிறுக்கி வைப்பார்கள். எனக்கு விஷயம் புரிந்தது அந்தக் கிறுக்கல்களில்தான். பெரும்பாலானவை ரத்தம் பற்றியவை.

கென்யாவில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது ஊசி. டெப்போ, மூன்று மாதத்துக்கு ஒன்று. இப்போது கைக்குச்சியும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிட்டது (2022-இல் ஊசி 20 சதவீதம், குச்சி 19). இரண்டும் நன்றாக வேலை செய்யும். இரண்டும் மாதவிலக்கைக் குழப்பிவிடும். ஊசி தொடங்கிய முதல் சில மாதங்களில் சொட்டுச் சொட்டாக நாள்கணக்கில் போவது சகஜம். ஒரு வருஷம் தொடர்ந்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விலக்கே நின்றுவிடும். குச்சியில் எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மருத்துவப் புத்தகம் இதற்கெல்லாம் "ஆபத்தில்லை" என்று எழுதும். உண்மைதான், ஆபத்தில்லை.

ஆனால் இந்த ஆபத்தில்லாத விஷயத்தை நைரோபியின் குடிசைப் பகுதியான கொரோகோச்சோவில் ஒரு தகர வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, நடுவில் ஒரு திரை, இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் பிள்ளைகளும் மண்ணெண்ணெய் அடுப்பும். தண்ணீர் இருபது லிட்டர் ஜெரிக்கேனில் காசு கொடுத்து வாங்குவது. கழிப்பறை பல வீடுகளுக்குப் பொது, ஒவ்வொரு தடவை போகும்போதும் ஐந்தோ பத்தோ ஷில்லிங் வைக்க வேண்டும், இருட்டிய பிறகு போவதற்குக் காசை விடத் துணிச்சல் வேண்டும். நாப்கினுக்கான விற்பனை வரியை 2004-இலேயே நீக்கிய நாடுதான் கென்யா, இருந்தும் பாக்கெட்டின் விலை பலருக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு. இந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு மாதத்தில் நான்கு நாள் போனது இப்போது பதினைந்து நாள் போகிறது என்றால், இலவசமாகப் போட்ட ஊசிக்கு அவள் தினமும் ரொக்கமாகக் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறாள். அவள் மாமா ஃபுவா, அதாவது காலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கேட் அருகே நின்று துணி துவைக்கும் கூலி வேலை பிடிப்பவள் என்றால் இன்னும் மோசம். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் குனிந்தபடி வேலை, கழிப்பறைக்கு அடிக்கடி போனால் வீட்டுக்காரம்மா முகம் மாறும். ஓர் ஓரக்கிறுக்கல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "வேலைக்குக் கறுப்புப் பாவாடை மட்டுமே கட்டுகிறார்." படிவத்தில் அந்தப் பெண்ணின் பதில், பக்கவிளைவு பயம்.

விலக்கு நின்றுபோனவர்களுக்கு வேறு தொல்லை. "தேங்கிவிடும்" என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஒன்று நின்றுவிட்டது, யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, வயிறு கொஞ்சம் உப்பினாற்போலவும் இருக்கிறது. அது எங்கே போயிருக்கும் என்று அவள் யோசிப்பதில் என்ன தப்பு? கர்ப்பப்பையின் உள்வரி மெலிந்துவிடுவதால் வெளியேற ஒன்றும் இருப்பதில்லை என்பதை விளக்க இரண்டு நிமிஷம் போதும். ஒரு காலையில் அறுபது பேரைப் பார்க்க வேண்டிய நர்ஸிடம் அந்த இரண்டு நிமிஷம் இருக்காது.

பிள்ளை தங்காது என்ற "வதந்தி"க்கு வருகிறேன். டெப்போ ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகும் என்று அதே மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நிரந்தரமாக ஒன்றும் கெடுவதில்லை, தாமதம்தான். ஆனால் நைரோபியில் அந்தப் பத்து மாதத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று அங்கே கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குத் தெரியும். முதல் உறவு முறிந்து, இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்த பெண் புதிதாக ஒருவருடன் சேர்கிறாள். அவனுக்குத் தன் பிள்ளை ஒன்று வேண்டும், அது வந்தால்தான் வாடகையில் அவன் பங்கு நிச்சயம், ஊரில் அவன் அம்மா இவளை மருமகள் என்று சொல்லுவதும் நிச்சயம். இவள் ஊசியை நிறுத்திவிட்டாள். மூன்று மாதம், ஆறு மாதம், எட்டு மாதம், ஒன்றும் இல்லை. அவன் போய்விட்டான். இந்தக் கதையை அவள் தண்ணீர்க் குழாயடியில் சொன்னால் கேட்டவர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் என்னவாக இருக்கும்? அதை வதந்தி என்று எழுதுகிறவருக்குக் குறைந்தபட்சம் அந்தப் பத்து மாதக் கணக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் நர்ஸ்களில் பலரும் இதையே நம்புகிறார்கள். இன்னும் பிள்ளை பெறாத இருபது வயதுப் பெண் போய் ஊசி கேட்டால், "உனக்கு எத்தனை பிள்ளை? ஒன்றுகூட இல்லையா? முதலில் ஒன்று பெற்றுக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்புவார்கள். காலையில் வதந்திகள் பற்றிப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியவரே மதியம் இப்படிச் சொல்லுவார்.

"குச்சி வைத்தும் கர்ப்பமாகிவிட்டேன்" என்பதும் பட்டியலில் உள்ள இன்னொரு கதை. கென்யாவின் மேற்குப் பகுதியில் எச்.ஐ.வி. சிகிச்சை பெறும் பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அன்றைக்குப் பரவலாகக் கொடுத்த எஃபாவிரென்ஸ் என்ற மருந்தோடு குச்சியும் வைத்திருந்தவர்கள், வேறு மருந்து எடுத்தவர்களைவிடக் கூடுதலாகக் கர்ப்பமானார்கள். அந்த மருந்தால் கல்லீரல் குச்சியின் ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடுவதுதான் காரணம். தன் நோயையே அடுத்த வீட்டுக்குச் சொல்லாத பெண், மருந்தை எப்படிச் சொல்லுவாள்? அவள் வெளியே சொல்ல முடிந்தது குச்சி வேலை செய்யவில்லை என்பதை மட்டும்தான். டெப்போ போட்டால் எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் கூடுமா என்ற சந்தேகமோ மருத்துவர்களுக்கே பல வருஷம் இருந்தது. கென்யா உட்பட நான்கு நாடுகளில் 7,829 பெண்களை வைத்துச் செய்த எக்கோ ஆய்வு 2019-இல் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டால் அதற்குப் பெயர் ஆய்வுக் கேள்வி.

அடுத்தது புருஷன். எழுதுகிறவர்கள் எல்லாரும் இதை "துணைவரின் ஒப்புதல்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அங்கே பெண்கள் எந்த முறை நல்லது என்பதோடு, எது கண்ணில் படும் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மாத்திரை அட்டை வீட்டில் இருந்தாக வேண்டும், தினமும் ஒன்று குறையும், ஓரறை வீட்டில் ஒளிக்க இடம் கிடையாது. கைக்குச்சியைத் தடவினால் தட்டுப்படும், மேல்கையின் உட்புறத்தில் தோலுக்கடியில் நரம்புபோலத் தெரியும். காப்பர்-டியின் நூல் சிலசமயம் ஆணுக்குத் தட்டுப்படும். ஊசி போட்ட இடம் மறுநாளே மறைந்துவிடும், அதனால்தான் ஊசிக்கு அந்த ஊரில் அவ்வளவு மவுசு. ஆனால் அடுத்த தேதி எழுதிய அட்டை ஒன்று இருக்குமே? அதை அடுத்த வீட்டு அக்காவிடமோ கிளினிக்கிலேயோ கொடுத்து வைப்பார்கள், சிலர் வாங்கியதும் கிழித்துப் போட்டுவிட்டுத் தேதியை மனதில் வைத்துக்கொள்வார்கள். மனதில் வைத்த தேதி தவறினால் கர்ப்பம். அது புள்ளிவிவரத்தில் "முறை தோல்வி" என்று பதிவாகும்.

எல்லா ஆண்களும் எதிரிகள் என்று சொல்லவில்லை. நைரோபி வாடகையும் பள்ளிச் செலவும் ஆண்களுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன, இரண்டு போதும் என்று அவர்களே சொல்லும் வீடுகள் நிறைய. அப்படிச் சொல்கிற வீட்டில்கூட ஊசி போட்டுக்கொண்டவளுக்கு இரண்டு வாரம் ரத்தம் நிற்காமல் போனால், முதலில் பொறுமை போகிறது, பிறகு "இதை நிறுத்து" என்ற பேச்சு வருகிறது. ஒப்புதல் என்பது ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் காகிதமில்லையே.

சரி, கிளினிக். அரசு சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம்தான், ஆனால் சீட்டுக்கு, சோதனைக்கு, கையுறைக்கு என்று ஏதாவது ஒன்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய செலவு அந்த நாள். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள விவாண்டானியில் பாதிப் பேர் தினக்கூலி, காலையில் ஆலை கேட்டில் நின்றால்தான் அன்றைக்கு வேலை. கிளினிக்கும் காலையில்தான். இதில் நர்ஸ் "விலக்கு வந்திருக்கும்போது வா, கர்ப்பம் இல்லை என்று அப்போதுதான் உறுதியாகச் சொல்ல முடியும்" என்று திருப்பி அனுப்பினால் இரண்டாவது நாள் கூலியும் போச்சு. இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்தாயிற்று: ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சின்னப் பட்டியல், ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்து கர்ப்பக்குறியும் இல்லையென்றால் அன்றைக்கே கொடுக்கலாம். கென்யாவிலேயே சோதித்து 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அத்தனை வருஷம் கழித்தும் திரும்பி நடந்து வந்த பெண்களின் படிவங்களை நான் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இப்படி அலைந்தவர்களைக் கெமிஸ்ட் கடை இரண்டு கையையும் நீட்டி வரவேற்கிறது. தெருவுக்கு மூன்று இருக்கும், இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கும், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்க மாட்டார்கள். "பி-டூ" என்றால் போதும். போஸ்டினார்-2 என்ற அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஊர் வைத்த செல்லப்பெயர் அது, இன்றைக்கு எந்த கம்பெனி மாத்திரைக்கும் அதே பெயர்தான். உறவுக்குப் பின் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும், முடிந்தவரை சீக்கிரம். வாரக்கடைசி, சம்பள நாள், கிறிஸ்துமஸ் என்றால் வியாபாரம் கொடிகட்டும். படித்த பெண்கள், கல்லூரிப் பெண்கள், அலுவலகப் பெண்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள்தான். மாதம் இரண்டு மூன்று தடவை போடுகிறார்களே என்று சுகாதாரத் துறையினர் தலையில் கை வைக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. தேவைப்பட்ட அன்றைக்கு மட்டும் காசு, எவன் பார்வையிலும் படாது, உடம்பில் மாதக்கணக்கில் ஒன்றும் தங்காது, பிடிக்காவிட்டால் அடுத்த தடவை வாங்காமல் விட்டால் போதும், யாரிடமும் போய் "எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்ச வேண்டாம். அந்தப் பெண்கள் கேட்பது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விண்ணப்பம் கிடையாது. "இப்போது என்ன பயன்படுத்துகிறீர்கள்" என்று கேட்கும் ஆய்வுப் படிவத்தில் இவர்களில் பலர் "ஒன்றுமில்லை" என்று பதிவாவார்கள் என்பது தனிக்கதை.

சோஃபியா என்று ஒரு சீன மாத்திரை இதே காரணத்துக்காகத்தான் ஓடியது. மாதம் ஒன்று போதும், மலிவு. ஹார்மோன் அளவு தாறுமாறாக இருக்கிறது என்று அரசு தடை செய்தும் கடை மறைவில் கிடைத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், விற்றவர்களைச் சொல்லுவேன்.

மதம் பற்றிக் கேட்பீர்கள். கர்தினால் ஒத்துங்கா 1990களில் நைரோபியில் ஆணுறைகளைப் பொதுவில் எரித்தார். 2014-இல் டெட்டனஸ் தடுப்பூசியில் கருத்தடை மருந்து கலந்திருப்பதாகக் கத்தோலிக்க ஆயர்கள் அறிக்கை விட்டு ஊரே அமளிப்பட்டது. ஆனாலும் அந்தத் திருச்சபை ஆழமாக வேரூன்றிய, கென்யா மலையை ஒட்டிய நியேரி, எம்பு பக்கம்தான் கருத்தடைப் பயன்பாடு நாட்டிலேயே மிக அதிகம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்பார்கள், செவ்வாய்க்கிழமை ஊசி. நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் சோமாலிக் குடும்பங்களிடம் நிலைமை வேறு. இடைவெளி விடலாம், நிறுத்தக் கூடாது என்பது அங்கே பொதுவான நிலை, பேச்சைக்கூட அப்படித்தான் தொடங்க வேண்டும்.

என்னிடம் ஒரு மூத்த நர்ஸ் ஒருமுறை கேட்டார், உங்கள் ஊரில் எல்லாரும் இரண்டு பெற்றதும் ஆபரேஷன் செய்துகொண்டு விடுவார்களாமே, எப்படி என்று. அவர் சொன்னது உண்மைதான். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். நம் வீடுகளில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். கென்யாவில் அது சொற்பம். நம் பெண்கள் இருபத்தைந்து இருபத்தாறில் கதவைச் சாத்திவிடுகிறார்கள், ஏனென்றால் அதே புருஷன், அதே வீடு என்பது அவர்கள் கணக்கில் மாறாத எண். நைரோபியில் அந்த எண்ணே மாறும். இன்னொரு உறவு வரலாம், ஒரு பிள்ளை போய்விடலாம், கிராமத்துக்குத் திரும்ப நேரலாம். கதவு சாத்தியிருக்கலாம், பூட்டக் கூடாது. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, நம் ஊரில் அந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணை யாராவது வேறு என்ன வேண்டும் என்று கேட்டார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

இவ்வளவும் பெண்ணின் பக்கத்துக் கணக்கு. அவள் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் கலைத்துவிடக்கூடிய இன்னொரு பக்கம் இருக்கிறது, சரக்கு. 1998-க்கும் 2003-க்கும் நடுவில் கென்யாவில் நவீன முறைகளின் பயன்பாடு 32 சதவீதத்திலேயே நின்றது, பிறப்பு விகிதம் 4.7-லிருந்து 4.9-க்கு ஏறக்கூடச் செய்தது. வெளிநாட்டுப் பணமும் கவனமும் எய்ட்ஸ் பக்கம் திரும்பியதும், கிளினிக்குகளில் ஊசி தீர்ந்துபோனதும் முக்கியக் காரணங்கள். 2017-இல் நர்ஸ்கள் ஏறக்குறைய ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள், அரசு கிளினிக்கை நம்பிய ஊசிக்காரர்கள் அந்த ஐந்து மாதத்தில் என்ன செய்தார்கள் என்று கெமிஸ்ட்காரர்களைக் கேட்டால் தெரியும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. பெல்ஜியத்தில் ஒரு கிடங்கில் 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைப் பொருள்கள், பெரும்பகுதி கென்யா உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரவேண்டியவை, எரிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது நைரோபித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி, "இதற்கும் நமக்கு விழிப்புணர்வு போதவில்லை என்பார்களோ" என்று போட்டாள்.

இப்போது என் கவலை புதிதாக வைப்பதைப் பற்றி இல்லை, எடுப்பதைப் பற்றி. 2013 வாக்கில் உலக அளவில் குச்சியின் விலை 18 டாலரிலிருந்து எட்டரை டாலருக்கு இறங்கியது. கென்யாவில் 2009 வாக்கில் 2 சதவீதம் பேரிடம் இருந்தது 2014-இல் பத்தாகி அப்புறம் 19 ஆயிற்று. முகாம் போட்டு, கூடாரம் அடித்து, ஒரே நாளில் வரிசையாக வைத்தார்கள். வைப்பது ஐந்து நிமிஷ வேலை. எடுக்க மரப்பு ஊசி, பிளேடு, சின்ன வளைந்த கிடுக்கி, பழகிய கை எல்லாம் வேண்டும். ஆழத்தில் போயிருந்தால் மருத்துவர் வேண்டும். ஒரு வருஷத்திலேயே ரத்தப்போக்கு தாங்காமல் எடுக்கச் சொல்லிப் போனவர்களை "ஐந்து வருஷத்துக்கு வைத்தது, பொறுத்துக்கொள்" என்று அனுப்பிய கதைகள் ஓரக்கிறுக்கல்களில் ஏராளம். வைத்தது இலவசம், எடுக்கக் காசு என்ற கதைகளும். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி குச்சியே வேண்டாம் என்கிறாள். அவள் படிவத்திலும் அதே கட்டத்தில்தான் டிக்.

2021-இலும் 2022-இலும் வைத்த ஐந்து வருஷக் குச்சிகள் தவணை முடிந்து வரும் நேரம் இது. நகரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்ஸ் தோழி அனுப்பிய குரல்செய்தியில், வைக்கச் சரக்கு இல்லை, எடுக்க வருகிறவர்களை மட்டும் வாரத்தில் ஒரு நாள் பார்க்கிறோம், கையுறையும் பிளேடும் கெமிஸ்டில் வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறோம் என்றாள். எடுத்த பிறகு அவர்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆணுறை இருக்கிறது, அவர்கள் பி-டூதான் வாங்குவார்கள் என்றாள்.